முப்பத்தைந்து வயது வரை மாணவப் பருவம்

கண்டி நகரிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ-9 பெருந்தெருவில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மகாவலியைக் கடந்து, ஏறக்குறையப் பத்துக் கிலோமீற்றர் தூரம் வந்தால் அக்குறணை. பிங்கா ஓயா பெருகும் நாட்களில் கடைவீதிக்குள் நீர் புகுவதும், நீர் வடிந்ததும் கடைகளைக் கழுவித் திறந்து வியாபாரத்தைத் தொடர்வதும் இவ்வூர் மக்களுக்குப் பழகிப்போன காரியங்கள். வணிகத்தினால் பெயர்பெற்ற இந்த ஊரிலே கல்வியின் மீதும், கல்வியிலும் விசேஷமாக வைத்தியத்தின் மீதும் ஓர் ஆழ்ந்த அபிலாஷை வேரூன்றியிருக்கிறது. ஒரு வீட்டுப் பிள்ளை மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகிவிட்டால், அது அந்த வீட்டின் சந்தோஷமாக மட்டும் நிற்பதில்லை. தெருவின் சந்தோஷமாகவும், படித்த பாடசாலையின் பெருமையாகவும் ஆகிவிடுகிறது. ஆனால் ஐந்தாறு வருஷங்கள் கழிந்து, அந்தப் பிள்ளை "டொக்டர்" என்று அழைக்கப்படத் தொடங்கியதும், அதே தெருவில் வேறொரு கேள்வி எழுகிறது: "சேர்ஜனாக வருவதற்குச் சான்ஸ் இருக்கிறதா?"

அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அதை அதிர்ஷ்டத்தைப் பற்றிய கேள்வியாகவே கேட்கிறார்கள். சிலர் செல்வாக்கைப் பற்றிய கேள்வியாகக் கேட்கிறார்கள். இலங்கையின் சத்திரசிகிச்சைப் பயிற்சிமுறையைச் சற்று நிதானமாக நோக்கினால், அது இவ்விரண்டையும்விடக் காலத்தைப் பற்றிய கேள்வி என்பது புலப்படும். ஒரு மனிதன் தன் இளமையில் எத்தனை வருஷங்களைப் பரீட்சைக்கும் வார்ட்டுக்கும் ஒப்புக்கொடுக்க முடியும், அத்தனை வருஷமும் அவனுடைய குடும்பம் பொறுத்திருக்க முடியுமா என்பதே, எனது அபிப்பிராயத்தில், வாய்ப்பைத் தீர்மானிக்கும் முதற்காரணம்.

பாதையின் முதல் வாசல் உயர்தரப் பரீட்சை. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலும், பின்னர் வந்த மாவட்டப் பங்கீடும், 2001 முதல் நடைமுறையிலிருக்கும் இஸட் புள்ளியும் நம் வாசகர்களுக்குப் புதியவையல்ல. இன்றைய முறையில் பல்கலைக்கழக இடங்களில் நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், எஞ்சிய 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. கண்டி, பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இல்லை. ஆகவே அக்குறணையில் தமிழ்மொழி மூலம் உயிரியல் பயிலும் ஒரு மாணவி, கண்டி நகரத்தின் டிரினிட்டி, தர்மராஜா, மகாமாயா, பெண்கள் உயர்தரப் பாடசாலை போன்ற பெரும் பாடசாலைகளின் மாணவர்களோடு ஒரே மாவட்டப் பட்டியலில் நின்று போட்டியிட வேண்டியவளாகிறாள். மூன்று தடவை தோற்றலாம் என்ற விதி இருப்பதால், இரண்டாம் தடவையிலும் மூன்றாம் தடவையிலும் இடம் பெறுபவர்கள் பலர். வருஷங்கள் கழியத் தொடங்குவது இங்கேதான்.

பீடத்துள் நுழைந்ததும் மொழி மாறுகிறது. அதுவரை தமிழில் விஞ்ஞானம் கற்றவர்கள் ஒரே நாளில் ஆங்கிலத்துக்கு மாற வேண்டியிருக்கிறது. நம் தீவிலேயே சத்திர வைத்தியத்தைத் தமிழில் கற்பித்த காலம் ஒன்று இருந்தது. மானிப்பாயில் தொண்டாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், துரூயிட் என்பாரின் சத்திர வைத்திய நூலை 'இரண வைத்தியம்' என்னும் பெயரில் 1867ஆம் ஆண்டிலே தமிழில் வெளியிட்டு, தம் மாணாக்கருக்கு அதைக் கொண்டே பயிற்சி கொடுத்தார். அந்த வழி தொடரவில்லை. இன்றைய மாணவன் முதல் வருஷத்திலேயே உடற்கூற்றியலின் ஆயிரக்கணக்கான லத்தீன், கிரேக்கப் பெயர்களையும், அவற்றை விளக்கும் ஆங்கிலத்தையும் ஒருங்கே கற்கிறான். அந்த முதல் வருஷத்தில் தளர்ந்து, பின்னர் நிமிர்ந்தவர்கள் அநேகர். தளர்ச்சியைத் தம் அறிவின் குறையாக எண்ணிச் சத்திர வைத்தியத்தின் பக்கமே திரும்பிப் பாராமல் விட்டவர்களும் உண்டு. இவர்களை எண்ணும்போதுதான் மனம் வருந்துகிறது.

அக்குறணைப் பிள்ளைக்கு ஓர் அனுகூலம் உண்டு; அது அருகில் பேராதனை இருப்பது. 1870இல் ஆரம்பிக்கப்பட்ட கொழும்பு மருத்துவக் கல்லூரியே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் தீவின் ஒரே மருத்துவக் கல்விக்கூடமாக இருந்துவந்தது. 1962இல் பேராதனையில் இரண்டாவது மருத்துவ பீடம் தோன்றியபோது, மலைநாட்டுப் பிள்ளைகள் கொழும்பில் அறை தேடாமலே வைத்தியம் கற்கும் வசதி முதன்முறையாக உண்டாயிற்று. கண்டிப் பெரியாஸ்பத்திரியும், 1980இல் திறக்கப்பட்ட பேராதனைப் போதனா வைத்தியசாலையும் இப்பீடத்தின் மாணவர்களுக்கு நோயாளியின் கட்டிலருகே கற்கும் இடங்களாயின.

ஆனால் எம்.பி.பி.எஸ். பட்டம் ஒருவரை வைத்தியராக்குகிறதேயன்றி, சத்திரசிகிச்சை நிபுணராக்குவதில்லை. முற்காலத்தில் அந்த ஸ்தானத்தை அடைய விரும்பியவர்கள் இங்கிலாந்து சென்று, எப்.ஆர்.சி.எஸ். பட்டத்தைப் பெற்றுத் திரும்பினார்கள். நம் பெற்றோரின் தலைமுறையில் ஒரு பெயருக்குப் பின்னால் அந்த எழுத்துகள் நின்றால் அதற்கு மேலாக எதுவும் கேட்கத் தேவையில்லாமலிருந்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பட்டப்பின் மருத்துவ நிறுவனம் 1980இல் நிறுவப்பட்ட பின்னரே, நிபுணர்களை உருவாக்கும் பொறுப்பு முழுமையாக நாட்டுக்குள் வந்தது. முதலில் எம்.எஸ். என்றும் இன்று எம்.டி. என்றும் வழங்கும் சத்திரசிகிச்சைப் பட்டத்தை நாடு முழுவதற்கும் அளிப்பது இந்த ஒரே நிறுவனம்தான். யாழ்ப்பாணத்தில் படித்தவரும், காலியில் படித்தவரும், பேராதனையில் படித்தவரும் ஒரே வினாத்தாளின் முன்னால் அமர வேண்டும்.

இதன் நடைமுறையைச் சாதாரண வாசகர்க்குச் சொல்வதானால் இவ்வாறு சொல்லலாம். இறுதிப் பரீட்சையில் வைத்தியம், சத்திரசிகிச்சை, மகப்பேறு, குழந்தை வைத்தியம், உளநோய் வைத்தியம் ஆகியவற்றில் சித்தியடைந்தவர், ஒரு வருஷ உள்ளகப் பயிற்சிக்குச் செல்கிறார். எந்த வைத்தியசாலை, எந்தப் பிரிவு என்பதை அவர் தகுதி வரிசைப்படி தெரிவு செய்கிறார். அரச பீடங்கள் அனைத்திலிருந்தும் வெளியேறியவர்கள் ஒரே வரிசையில் நிற்பதால், மேலே நிற்பவர் விரும்பியதைப் பெறுகிறார், கீழே நிற்பவர் எஞ்சியதைப் பெறுகிறார். பங்களாதேஷ், நேபாளம், சீனா, ரஷ்யா முதலிய தேசங்களில் கற்றுத் திரும்பியவர்கள், முதலில் இலங்கை மருத்துவச் சபையின் பதிவுக்கான பரீட்சையில் தேற வேண்டும். வசதியுள்ள வணிகக் குடும்பங்கள் பிள்ளைகளை வெளிநாடு அனுப்புவதற்கு முன்னர் இதை நினைவிற் கொள்வது நலம். உள்ளகப் பயிற்சியும் அதன் பின்னரான சேவைக்காலமும் கழிந்தபின், தெரிவுப் பரீட்சை வருகிறது. உடற்கூற்றியல், உடற்றொழிலியல், நோயியல் என்னும் அடிப்படை விஞ்ஞானங்களைப் பகல் முழுதும் வார்ட்டில் உழைத்துவிட்டு இரவில் மீண்டும் முதலிலிருந்து படித்தவர்களே இதிலே வெற்றி பெறுகிறார்கள். சித்தியடைந்தால் மட்டும் போதாது. சுகாதார அமைச்சின் தேவையை அனுசரித்து வகுக்கப்படும் பயிற்சி இடங்களின் தொகைக்குள்ளும் அகப்பட வேண்டும். இதை அறியாதவர்களே, "பாஸ் பண்ணியும் இடம் இல்லையாம்" என்று கேட்டுத் திகைக்கிறார்கள்.

இந்தத் தெரிவில் சிபாரிசுக்கு இடமில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அக்குறணையில் ஒரு கடைக்காரரின் மகனும், கொழும்பில் ஒரு பேராசிரியரின் மகனும் எழுதும் விடைத்தாள்கள் ஒரே அளவுகோலால் மதிப்பிடப்படுகின்றன. எத்தனையோ விஷயங்களில் நீதி தடுமாறும் ஒரு நாட்டில் இது சிறிய காரியமன்று. "நமக்கு அங்கே ஆளில்லை" என்று சொல்லி ஒரு பிள்ளையின் ஆசையைத் தொடக்கத்திலேயே அணைத்துவிடும் உறவினர்கள், அறியாமையினால் பெரும் தீங்கு செய்கிறார்கள்.

எழுத்துப் பரீட்சை ஒருவருடைய கையை அளப்பதில்லை என்பதும் உண்மையே. ஆனால் கைத்திறனைப் பிறவிக்கொடை என்று நினைப்பதும் பொருந்தாது. உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் படிக்கும் 'பெய்லி அன்ட் லவ்' என்னும் சத்திர வைத்திய நூல் 1932இல் முதற்பதிப்புக் கண்டது. அதன் ஆசிரியர்களில் ஒருவரான ஹமில்டன் பெய்லி, தொற்றினால் இடது கைச் சுட்டுவிரலை இழந்தவர். அந்த நிலையிலும் அவர் சத்திரசிகிச்சை செய்தார், கற்பித்தார், எழுதினார். தையல் போடவும், முடிச்சு இடவும், இரத்தக்குழாயைச் சரியான இடத்தில் பிடிக்கவும் கை பழகுவது, நூற்றுக்கணக்கான முறை செய்வதனாலும், செய்யும்போது பக்கத்தில் நின்று திருத்தும் ஒருவர் இருப்பதனாலுமே. அந்தப் பழக்கத்தைத் தரும் காலமே, தெரிவுப் பரீட்சைக்குப் பின் வரும் ரெஜிஸ்ட்ரார் பயிற்சி.

அந்த வாழ்க்கையை வெளியிலிருப்பவர் கற்பனை செய்வது கடினம். காலையில் வார்ட் சுற்று. பின்னர் தியேட்டர், அல்லது வெளிநோயாளர் கிளினிக். அதற்குப் பின் அவசர அனுமதிகள். கண்டி தேசிய வைத்தியசாலை, தீவின் வைத்தியசாலைகளில் கொழும்புக்கு அடுத்தபடியாகப் பெரியது. மத்திய மாகாணத்திலிருந்து மட்டுமன்றி, அதற்கு அப்பாலும் உள்ள பிரதேசங்களிலிருந்தும் நோயாளர் அங்கே கொண்டுவரப்படுகிறார்கள். மாத்தளைத் தெருவில் மோட்டார் சைக்கிளில் மோதுண்ட இளைஞன், மிளகு பறிக்க மரமேறித் தவறி விழுந்த முதியவர், குடல்வால் வெடித்த பின் மூன்றாம் நாள் கொண்டுவரப்பட்ட தோட்டத் தொழிலாளியின் குழந்தை, இவர்களெல்லாம் ஒரே இரவில் வரக்கூடும். யாரை முதலில் தியேட்டருக்கு எடுப்பது, யாரை விடியும்வரை பொறுத்துப் பார்ப்பது, எப்போது நிபுணரைத் தொலைபேசியில் எழுப்புவது என்பனவற்றை அந்த இளம் வைத்தியர் நின்ற நிலையில் நிர்ணயிக்க வேண்டும். தாம் செய்த, உடனிருந்து உதவிய ஒவ்வொரு சத்திரசிகிச்சையையும் பதிவேட்டில் குறிக்க வேண்டும். மேற்பார்வையாளர் அதை நோக்கி அறிக்கை எழுதுவார். இவற்றுக்கிடையில் எம்.டி. இறுதிப் பரீட்சைக்கும் படிக்க வேண்டும். அதிலே முதல் தடவை தவறுவது இகழ்ச்சியன்று. அந்தத் துறையில் இருப்பவர்கள் அதை அவ்வாறு கருதுவதுமில்லை. ஊரார்தான் அவ்வாறு கருதுகிறார்கள்.

எம்.டி. பெற்றபின்னும் பாதை முடிவதில்லை. பொதுச் சத்திரசிகிச்சை, நரம்பியல், எலும்பு, சிறுநீரகம் சார்ந்த பிரிவு, இருதயமும் நெஞ்சறையும், குழந்தைகள், புற்றுநோய், ஒட்டறுவை என்று கிளைகள் பிரிகின்றன. அவற்றில் எதைப் பெறுவது என்பதை மீண்டும் தகுதி வரிசையும், அமைச்சு நிர்ணயிக்கும் இடங்களும் தீர்மானிக்கின்றன. இலங்கையில் வெற்றிகரமான முதலாவது இருதய மாற்றுச் சத்திரசிகிச்சை 2017இல் கண்டி வைத்தியசாலையிலேயே நடைபெற்றது என்பதை நினைத்துப் பெருமைப்படும் நாம், அந்தக் குழுவில் நின்றவர்கள் அந்த நிலையை அடைய எத்தனை பரீட்சைகளைக் கடந்திருப்பார்கள் என்பதையும் நினைக்க வேண்டும். கிளையைத் தெரிந்தபின் சீனியர் ரெஜிஸ்ட்ராராகச் சேவை, அதன் பின் வெளிநாட்டுப் பயிற்சி, இறுதியில் நிபுணராகச் சான்று. உயர்தரத்திலிருந்து கணக்கிட்டால், பெரும்பாலோர் இந்தச் சான்றைக் கையிலெடுக்கும்போது முப்பத்தைந்து வயதைத் தொட்டிருப்பார்கள், அல்லது தாண்டியிருப்பார்கள்.

பிற தேசங்களில் இதே கேள்வி வேறு உருவங் கொள்கிறது. அமெரிக்காவில் மருத்துவ மாணவன் படிப்பு முடியும் வருஷத்திலேயே தன் துறையைத் தெரிந்து, வைத்தியசாலைகளுக்கு விண்ணப்பித்து, நேர்முகத்துக்குச் சென்று, தான் விரும்பும் இடங்களை வரிசைப்படுத்திக் கொடுக்கிறான். வைத்தியசாலைகளும் தாம் விரும்பும் மாணவரை வரிசைப்படுத்துகின்றன. 1952 முதல் நடந்துவரும் இந்த ஏற்பாட்டில், இரு வரிசைகளையும் கணித முறையால் இணைத்து, மார்ச் மாதத்தில் ஒரே நாளில் முடிவை வெளியிடுகிறார்கள். டேவிட் கேல், லொயிட் ஷாப்லி என்னும் இரு கணித அறிஞர்கள் 1962இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஆணையும் பெண்ணையும் இணைக்கும் கலியாணத் தரகனின் பிரச்சினையை உதாரணமாகக் கொண்டு, எந்த ஓர் ஆணும் பெண்ணும் தமக்குக் கிடைத்த இணைகளை விட்டுத் தம்முள் சேர்ந்து ஓட விரும்பாத வகையில் ஜோடி சேர்ப்பது எப்போதும் சாத்தியம் என்று நிரூபித்தார்கள். வைத்தியர்களின் தெரிவுமுறை அந்தத் தத்துவத்துக்கு உடன்பட்டதாகவே பின்னர் அறியப்பட்டது. 1990களில் அதைத் திருத்தியமைத்த அல்வின் ரொத்தும் ஷாப்லியும் 2012இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

கணிதம் அழகியது, ஆனால் அந்த வரிசைகளை எழுதுபவர்கள் மனிதர்களே. நரம்பியல், எலும்பு, ஒட்டறுவை போன்ற போட்டி மிகுந்த துறைகளில் ஒரு மாணவனின் ஸ்தானத்தை ஆராய்ச்சிக் கட்டுரைகளும், பெயர்பெற்ற பேராசிரியரின் சிபாரிசுக் கடிதமும், அவன் படித்த கல்லூரியின் கீர்த்தியும் நிர்ணயிக்கின்றன. அங்கே முதற்கட்ட உரிமப் பரீட்சைக்கு 2022 ஜனவரி முதல் புள்ளி கொடுப்பதை நிறுத்தி, சித்தி அல்லது தோல்வி என்று மட்டும் அறிவிக்கத் தொடங்கியபின், அறியப்படாத கல்லூரியிலிருந்து புள்ளியின் பலத்தால் மேலெழக்கூடிய ஒரு வழி அடைபட்டது. இந்தியாவிலோ, நீட் முதுகலைத் தரவரிசையே பெரும்பாலும் எல்லாவற்றையும் தீர்க்கிறது. இங்கிலாந்தில் முன்னைய சாதனைகளின் கோப்பும் நேர்முகமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இவற்றையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தபின், அக்குறணை போன்ற ஊரிலிருந்து வரும் பிள்ளைக்கு நம் நாட்டுப் பொதுப் பரீட்சையே அதிக நியாயம் செய்கிறது என்ற முடிவுக்கே வருகிறேன். துறை தெரிவு தாமதமாவதும் ஒரு நன்மையே. இருபத்துநான்கு வயதில் ஒருவன் எந்தத் துறைக்குப் பொருத்தமானவன் என்பதை அவனே அறிந்திருப்பதில்லை.

மாணவியரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நம் மருத்துவ பீடங்களில் இன்று மாணவியர் தொகையே அதிகம். ஆனால் சத்திரசிகிச்சை நிபுணர்களின் வரிசையிலே பெண்கள் மிகச் சிலர். இதற்குத் திறமைக் குறைவு காரணமன்று என்பதை உயர்தரப் பெறுபேறுகளே காட்டும். பயிற்சிக் காலம் முழுவதும் கலியாணம், மகப்பேறு, பிள்ளை வளர்ப்பு ஆகியவற்றின் காலத்தோடு ஒன்றிவிடுகிறது. இரவுக் கடமையை நினைத்துப் பெற்றோர் அஞ்சுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் குழந்தை வைத்தியம், தோல் வைத்தியம் என்று இலேசான துறைகளைச் சுட்டுகிறார்கள். ஆயினும் மார்பகப் புற்றுநோயை வெட்கத்தினால் மறைத்து, முற்றிய நிலையில் வைத்தியசாலைக்கு வரும் தாய்மார் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பெண் சத்திரசிகிச்சை நிபுணர் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை எண்ணிப் பார்க்கும் எந்த வாப்பாவும் எந்த உம்மாவும், "இது பெண்பிள்ளைக்கு ஏற்றதன்று" என்று அவசரமாகச் சொல்லமாட்டார்கள்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் வைத்தியர்கள் பலர் நாட்டை விட்டுச் சென்றார்கள். வெளிநாட்டுப் பயிற்சிக்குச் சென்றவர்களிலும் சிலர் திரும்பவில்லை. அவர்களைக் குறைகூறுவது சுலபம். ஆனால் முப்பத்தைந்து வயது வரை படித்து, நிபுணரானபின் முதல் நியமனத்தில் மயக்கமருந்து நிபுணரும் போதிய உபகரணங்களும் இல்லாத ஒரு வைத்தியசாலைக்கு அனுப்பப்படுபவரின் மனநிலையையும் அரசு உணர வேண்டும். வரும் வருஷங்களில் எந்தத் துறையில் எத்தனை பயிற்சி இடங்கள் உண்டாகும் என்பதை முன்கூட்டியே பகிரங்கமாக அறிவிப்பது அமைச்சுக்குப் பெருஞ் செலவு வைக்கும் காரியமன்று. அது மாணவர்க்குப் பெரும் உபகாரமாகும்.

அக்குறணையின் பள்ளிவாசல்களும், பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களும், வசதி படைத்த வணிகர்களும் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் பிள்ளைகளைப் பாராட்டி, புலமைப்பரிசில் கொடுத்து வருவது போற்றத்தக்கது. அந்த உதவி பட்டமளிப்போடு நின்றுவிட வேண்டாம். பட்டப்பின் பயிற்சியில் இருப்பவருக்கு அரசு சம்பளம் தருகிறது என்பது உண்மை. ஆனால் பரீட்சைக்கு முந்திய மாதங்களில் அவருக்கு அவசியமானது, வீட்டுப் பொறுப்பிலிருந்து சற்று விடுதலையும், படிப்பதற்கு ஓர் அமைதியான அறையும், ஏற்கனவே அந்தப் பரீட்சையைக் கடந்த ஒருவரின் வழிகாட்டலும். ஊரிலிருந்து சென்று இன்று ரெஜிஸ்ட்ராராகவோ நிபுணராகவோ இருப்பவர்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது அழைத்து, உயர்தர மாணவ மாணவியர் முன்னே பேசச் செய்யுங்கள். விடுமுறையில் வீடு வரும் அந்த முப்பது வயது மாணவனிடமும் மாணவியிடமும், "இன்னும் படிப்பு முடியவில்லையா?" என்று கேட்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.